குட்டிப் பாப்பாவோட பாடுறது எப்படி? நிறுத்தி நிறுத்திப் பாடுங்க

குரல் நல்லா இல்ல, ராகம் தெரியாது, நான் எப்படிப் பாடுறதுன்னு தயங்குற அம்மா அப்பா நிறைய பேர் இருக்காங்க. தயவுசெஞ்சு தயங்காதீங்க, வயித்துக்குள்ள இருக்கும்போதே கடைசி மூணு மாசமா அம்மா குரலைக் கேட்டுத்தான் பாப்பா வளந்துருக்கு, பொறந்ததும் அந்தக் குரலை அடையாளம் கண்டுக்கும்.

மொத சில மாசம் பெருசா ஒண்ணும் வேணாம். நெஞ்சோட அணைச்சு மெதுவா முனகினாலே போதும், அதிர்வு அதுக்குத் தெரியும், அப்பாக்களுக்கு இது ரொம்ப வசதி. குளிக்க ஒரு பாட்டு, தூங்க ஒரு பாட்டுன்னு வச்சுக்கிட்டு தினமும் அதையே பாடுங்க, பாட்டு ஆரம்பிச்சதுமே அடுத்து என்னன்னு போகப்போக அதுக்குப் புரிஞ்சுடும்.

கை தட்டுற பாட்டுக்கு அவசரப்படாதீங்க. குழந்தையோட ஒவ்வொரு பருவத்தையும் பாடுற பழைய பாட்டு வகையான பிள்ளைத்தமிழ்ல 5ஆம் மாசம் தலைய நிமித்தி ஆடுற செங்கீரை, 9ஆம் மாசம்தான் கை கொட்டுற சப்பாணின்னு பிரிச்சிருக்காங்க, இன்னைக்கும் நிறைய குழந்தைங்க ஏறக்குறைய அந்த வயசுலதான் தட்ட ஆரம்பிக்குது, அவ்ளோ உன்னிப்பா பாத்துருக்காங்க பாருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். முழுப்பாட்டையும் நீங்களே கடகடன்னு பாடி முடிச்சிடாதீங்க. குளிப்பாட்டும்போது சும்மா நீங்களே கட்டி, "தண்ணிக்குள்ள சோப்பு விழுந்துச்சு... தொபுக்!"னு பாடுறீங்கன்னு வைங்க, நாலஞ்சு நாள் அப்படியே பாடிட்டு அப்புறம் ஒருநாள் "விழுந்துச்சு"ல நிறுத்திட்டு அது முகத்தையே பாத்துக்கிட்டு காத்திருங்க. மனசுக்குள்ள மெதுவா அஞ்சு எண்ணுங்க, பத்து கூட எண்ணலாம், அந்த அமைதி நமக்குத்தான் கஷ்டமா இருக்கும். காலை உதைக்கும், கண்ண விரிக்கும், "பூ"ன்னு ஒரு சத்தம் விடும், எதுவா இருந்தாலும் அது அதோட முறை, உடனே "தொபுக்!"னு முடிச்சு வைங்க. நீ பேசு, நான் கேக்குறேன், அப்புறம் நான் பேசுறேன்ங்கற பழக்கமே இதுலதான் வருது. போன்ல ஓடுற பாட்டு இப்படி நின்னு காத்திருக்காது இல்லையா? ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் திரை வேணாம்னு உலக சுகாதார நிறுவனமும் 2019ல சொல்லியிருக்கு.

தாளமும் இதே மாதிரிதான். ஒரு வயசு தாண்டுனா கரண்டிய எடுத்து தட்டுல டமடமன்னு அடிக்கும், அதோட இயல்பான வேகம் நம்மளவிட ஜாஸ்தி, அதனால "அப்படி இல்ல, இப்படி"ன்னு திருத்தாம நீங்க அதோட வேகத்துக்குப் போய் கூட தட்டுங்க, அது நிறுத்துனா நீங்களும் நிறுத்துங்க, உங்கள ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி ஆரம்பிக்கும் பாருங்க!

கிலுகிலுப்பை வீட்டுலயே செய்யலாம், சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல கொஞ்சம் அரிசி போட்டு மூடிய நல்லா இறுக்கி பசை போட்டு மேல டேப் சுத்திடுங்க. புளியங்கொட்டை, பாசிமணி மாதிரி தொண்டையில அடைக்கிறது உள்ள போடவே போடாதீங்க, விளையாடும்போது பக்கத்துலயே இருங்க. சத்தம் போடுற பேட்டரி பொம்மைய காதுகிட்ட கொண்டு போக விடாதீங்க.

மூஞ்சிய திருப்புனா, கண்ண கசக்குனா, முதுக விறைச்சா போதும்னு அர்த்தம், அதோட விட்டுடுங்க. ரெண்டு வயசு கிட்ட "இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி"ன்னு ஒரே பாட்டைக் கேட்டு உயிர எடுக்கும், சலிக்காம பாடுங்க, நடுவுல ஒரு வார்த்தைய மட்டும் வேணும்னே மாத்திப் பாருங்க, கரெக்டா கண்டுபிடிச்சு சண்டைக்கு வரும்.