ஜி ஷார்ப்பின் வாலில் ஒட்டிய பிளாட்

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக ஒரு பாட்டை எஃப் சுருதியிலிருந்து டி சுருதிக்கு இறக்க வேண்டியிருந்தது. பாடும் அக்காவுக்கு மேல் சுரம் எட்டவில்லை. பாட்டு வரிகளோடு கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) எழுதிவைக்கும் கார்ட்ப்ரோ கோப்பைத் திறந்து 3 அரைச்சுரம் கீழே என்று கொடுத்தேன். எஃப் டி ஆனது, சி ஏ ஆனது, டி மைனர் பி மைனர் ஆனது. பி பிளாட் (பி-க்கு அரைச்சுரம் கீழே) மட்டும் ஜி ஆகாமல் ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே) என்று வந்தது, வாலில் ஒரு பிளாட் குறியோடு. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. இரண்டாவது சரணத்தில் சரியாகவே ஜி.

மூன்று நாள் போனது. மென்பொருளை நீக்கித் திரும்ப நிறுவினேன், எழுத்துருவை மாற்றினேன், கேப்போ (கிடாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி) அமைப்பை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது: இரண்டாவது சரணம் மட்டும் நான் கையால் தட்டியது. மற்றதெல்லாம் ஒரு பிடிஎஃப்-இலிருந்து ஒட்டியது. அங்கே பிளாட்டுக்கு ஆங்கிலச் சிறிய 'பி' இல்லை. இசைக்குறியான ♭ இருந்தது. சின்ன எழுத்தில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மென்பொருள் பெரிய 'பி'யை மட்டும் கார்டாகப் படித்து, 3 இறக்கி, குறியை அப்படியே விட்டிருக்கிறது.

ஒரு ♭-ஐ நகலெடுத்து, 'தேடி மாற்று' பெட்டியில் ஒட்டி, பதிலுக்குச் சிறிய 'பி' கொடுத்தேன். அதேபோல ஷார்ப்புக்கான ♯ இருந்த இடங்களில் விசைப்பலகையில் உள்ள #. மறுபடி இறக்கினேன், எல்லா இடத்திலும் ஜி. பெரிய நிம்மதி.