டி.எஸ்.எச். நார்மல் என்று வந்த பிறகும் களைப்பு தீரவில்லையா?

தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் என் டி.எஸ்.எச். 3.9 என்று வந்தது. ரிப்போர்ட்டில் 4 வரை நார்மல் என்று போட்டிருந்ததால், "தைராய்டு நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கோ படியேறினால் கால் கனத்தது, குரல் கரகரத்தது, மலச்சிக்கல், சீப்பு நிறைய முடி. பிறகு எப்படிக் கேட்டு முழுப் பரிசோதனை செய்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். இரண்டு வருடம் முன்பு எனக்கு 1.6 இருந்தது. இரண்டு எண்ணுமே நார்மலுக்குள்தான். ஆனால் இரட்டிப்புக்கும் மேல் ஏறியிருக்கிறது. டி.எஸ்.எச். நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும் என்பதால் இதை வைத்தே நோய் என்று முடிவு கட்ட முடியாது. மேலே பார்க்கச் சொல்லிக் கேட்க இது போதும். கூடவே இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். வெறுமனே "களைப்பு" என்றால் யாருக்குத்தான் இல்லை? "மாதவிடாய் 4 நாளிலிருந்து 8 நாளாகிவிட்டது" என்று சொன்னபோதுதான் டாக்டர் பேனாவை எடுத்தார். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"எல்லா டெஸ்ட்டும் எடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டது இப்படி: "டாக்டர், டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே வருகிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா? வேண்டாம் என்றால் காரணம் சொல்லுங்கள்."

ஏன் இந்த இரண்டு? டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் அது ஏறும். தைராய்டு என்ன சுரந்தது என்பதை ஃப்ரீ டி4 காட்டும். அரிதாக, பிட்யூட்டரியிலேயே கோளாறு இருந்தால் டி4 குறைந்தாலும் டி.எஸ்.எச். நார்மலாகவே தெரியும். ஆன்டி டி.பி.ஓ. கூடியிருந்தால், உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் அது. தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 பெரும்பாலும் கடைசியில்தான் குறையும், அதனால் தொடக்கத்தில் அவசியமில்லை. ரிவர்ஸ் டி3க்குப் பணம் செலவழிக்காதீர்கள். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, சர்க்கரை பார்க்கச் சொல்லலாம். களைப்புக்கு அவையும் காரணமாக இருக்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். உள்ள குறையே மறைந்துபோகும். குறைந்தது 2 நாளாவது நிறுத்திவிட்டுப் போங்கள், அதிக டோஸ் என்றால் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் காலையிலேயே, முடிந்தவரை அதே லேபில் கொடுங்கள். காய்ச்சலோடு போக வேண்டாம். மனநலத்துக்கான லித்தியம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும், இரண்டும் தைராய்டைப் பாதிக்கும்.

இப்படி மறுபடி பார்த்ததில் எனக்கு டி.எஸ்.எச். 6.8, ஃப்ரீ டி4 நார்மல், ஆன்டி டி.பி.ஓ. மிக அதிகம். உடனே மாத்திரை தரவில்லை. இந்த நிலையில் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம், சிலருக்குத் தானாகவே இறங்கிவிடும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். தெரிந்தவர்களின் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள், தேவையில்லாமல் போட்டால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு 11.2 வந்தது. தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினார்கள். அது ரத்தத்தில் நிலைக்கச் சில வாரம் ஆகும் என்பதால் அடுத்த டெஸ்ட் 6 வாரம் கழித்துத்தான். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை போட வேண்டும் என்று ரிப்போர்ட் ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.