கத்தரிக்கோல் மேட் ஓரத்துக்கு வரக்கூடாது: பள்ளி மல்யுத்தமும் தலைமுடி விதியும்

2018 டிசம்பர் 19. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே மல்யுத்தம். 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடைப் பிரிவில் இறங்க வேண்டிய 16 வயதுக் கறுப்பினப் பையன், மேட் எனும் மல்யுத்த மெத்தை விரிப்பின் ஓரத்தில் நிற்கிறான். தலையில் ட்ரெட்லாக்ஸ் எனும் சடைமுடி. நீள முடியை மூட அவன் வைத்திருந்த உறையை, விதிப்படி இல்லை என்று நடுவர் ஏற்கவில்லை. முடியை வெட்டு, இல்லையென்றால் தோற்றதாக ஒத்துக்கொள் என்றார். கொடுத்த நேரம் 90 விநாடி. அணி வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் உதவியாளர் கத்தரிக்கோலை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க நறுக்கினார். பையன் அதே தலையோடு மேட்டில் ஏறி, கூடுதல் நேரத்தில் 4-2 என்று ஜெயித்தான். கையைத் தூக்கிக் காட்டியபோது அவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

இதெல்லாம் பதிவாகி இணையத்தில் பரவிய வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண்ணில் படுவது சுற்றி நிற்கும் பெரியவர்கள்தான். ஒருவர்கூட இடையில் புகுந்து அந்தக் கத்தரிக்கோலைத் தடுக்கவில்லை. அதனால் இங்கே சொல்லும் தவறுகள் எல்லாமே பெரியவர்களுடையவை.

முதல் தவறு, பெரிய தவறு: கடைசி நிமிடத்தில் விதியை எடுப்பது. பள்ளி மல்யுத்தத்தில் போட்டிக்கு முன்பே எடை பார்க்கிறார்கள். தோலில் படர்தாமரை மாதிரி தொற்று இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். தலைமுடியையும் அப்போதே பார்த்துவிடலாம். குறை இருந்தால் உறை தேட, பின்னிக்கொள்ள, வீட்டுக்குப் போன் போட நேரம் கிடைக்கும். நியூ ஜெர்சி விஷயத்தில் நடுவர் தாமதமாக வந்தார், முதலில் பார்த்தபோது முடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பையனின் குடும்ப வழக்கறிஞர் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் அது விதி. மேட்டில் கால் வைக்கும்போது சொன்னால், அணியின் வெற்றியை ஒரு தட்டிலும் தன் தலையை இன்னொரு தட்டிலும் வைத்து அந்தப் பிள்ளையையே நிறுக்கச் சொல்வதாகிவிடும்.

அடுத்தது, பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுவது. அன்றைக்கு அளவு இருந்தது. முடி பின்னால் சட்டைக் காலரின் மேல் விளிம்பையும், பக்கத்தில் காது மடலையும், முன்னால் புருவத்தையும் தாண்டினால் உறை போட வேண்டும், அந்த உறை காதுக் கவசத்தோடு இணைந்திருக்க வேண்டும். 2021-22 சீசனிலிருந்து பள்ளி விளையாட்டு விதிகளை வகுக்கும் என்.எஃப்.எச்.எஸ். அமைப்பு முடியின் நீளத்துக்கு இருந்த வரம்பையே எடுத்துவிட்டது. இன்னமும் கூடாது என்பவை, எதிராளியின் கண்ணையோ தோலையோ கிழிக்கக்கூடிய கடினமான பொருள்கள்: பாசிமணி, ஹேர்பின், கிளிப். எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. இவையெல்லாம் நியாயமானவைதான், மூச்சு முட்டக் கட்டிப் புரளும் விளையாட்டில் ஒரு ஹேர்பின் என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் "இவ்வளவு நீளமா?" என்று இன்றைக்கு ஒருவர் கேட்டால், எந்த வருடப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

"எல்லோருக்கும் ஒரே விதி, அப்புறம் என்ன பாரபட்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. விதி ஒன்றுதான், அது போய் விழும் தலைகள் ஒன்றல்ல. நேர்முடிக்காரப் பையனின் நீளமான முடியை ரப்பர் பேண்டில் சுருட்டிவிடலாம். சடைமுடி தடிமனானது, உருவாக மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகும். நறுக்கினால் அடுத்த மாதம் முளைத்து வந்துவிடாது. அது குடும்பத்தோடும் இனத்தின் கதையோடும் பிணைந்தது வேறு. நடுவர் 'ஒழுங்கான முடி' என்று ஒன்றை மனதில் வரைந்து வைத்துக்கொண்டு அளந்தால், அந்த அளவுகோலுக்குள் யார் வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

கலிஃபோர்னியா 2019 ஜூலையில் கிரவுன் சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னல், சடை, சுருள்முடி ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதும் இனப்பாகுபாடுதான் என்கிறது அது. நியூ ஜெர்சி அதே மாதிரிச் சட்டத்தில் கையெழுத்திட்டது 2019 டிசம்பர் 19, அந்தப் பையனின் முடி விழுந்து சரியாக ஒரு வருடம். அதற்கு முன்பே, செப்டம்பரில், மாநில சிவில் உரிமைப் பிரிவு விசாரணையை முடித்திருந்தது. அந்த நடுவர் இரண்டு சீசன்களுக்கு விலக்கிவைக்கப்பட்டார். மற்ற நடுவர்களுக்கும் பாரபட்சம் பற்றிய பயிற்சி தர மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் ஒப்புக்கொண்டது.

இன்னொரு தவறு எனக்கு மிகவும் வலிப்பது: தியாகம் என்று கொண்டாடுவது. அந்த வீடியோவை முதலில் பகிர்ந்த உள்ளூர் விளையாட்டுச் செய்தியாளர், அணிக்காக எதையும் செய்பவன் என்று பாராட்டித்தான் எழுதினார். அந்தப் பாராட்டு கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. ஆனால் அடுத்த ஊரில் அடுத்த பையன் "முடியாது" என்று சொன்னால், அவன் அணியைக் கைவிட்டவன் ஆகிவிடுகிறான் அல்லவா?

பயிற்சியாளர்கள் என்ன செய்யலாம்? விதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தோன்றினால், ஸ்கோர் மேசைக்குப் போய் நடுவரோடு பேச விதியே வழி வைத்திருக்கிறது. நடுவர் சொன்னதே சரி என்று முடிந்தால் பயிற்சியாளருக்கு எச்சரிக்கை கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு எச்சரிக்கையில் எதுவும் குறைந்துவிடாது.

நியூ ஜெர்சி பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர் படிக்கிறார்கள். மகனோ மகளோ மல்யுத்தத்தில் சேர்ந்திருந்தால், சீசன் தொடங்கும்போதே பயிற்சியாளரிடம் முடியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். உறை போடுவதென்றால் போட்டியன்று முதல்முறையாக மாட்டாமல், பயிற்சியிலேயே போட்டுப் புரண்டு பாருங்கள், நழுவுகிற உறை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டே இருக்கும். பையில் இன்னொரு உறை, இந்த வருட விதிப் பக்கத்தின் ஒரு நகல். அப்புறம் பிள்ளையிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: யாராவது கத்தரிக்கோலை எடுத்தால், நீ இறங்கி வந்துவிடலாம், வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.