நாட்குறிப்பை அப்படியே வாசகர் முன் வைக்காதீர்கள்

நமக்காக எழுதுவது ஒரு வேலை, பிறர் படிக்க எழுதுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

அடிக்கடி நடப்பது, தனக்காக எழுதிய குறிப்பில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு வெளியே விடுவது. குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "இன்றைக்கும் அவர் அதே மாதிரி பேசினார். தாங்க முடியவில்லை." எழுதியவருக்கு இதில் குறையே தெரியாது. அவர் யார், என்ன தொனியில் பேசினார், முன்பு என்ன நடந்தது எல்லாம் நினைவிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். படிப்பவருக்குக் கிடைப்பதோ ஒரு பெருமூச்சுதான். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கொடுத்த கணக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேலாளர் ஓரமாகத் தள்ளிவைத்தார். 'வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம்' என்றார். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை." இனி 'தாங்க முடியவில்லை' என்று சொல்லவே வேண்டாம், படிப்பவருக்கே தாங்காது.

இந்த ஓட்டைகள் எழுதிய அன்றே கண்ணில் படாது, நினைவு அவற்றை அடைத்துவிடும். ஒரு வாரமாவது மூடிவையுங்கள். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து 'அவர்', 'அது', 'அங்கே', 'அன்று', 'வழக்கம்போல' ஆகிய சொற்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் விடை அதே தாளில் இருக்கிறதா? இல்லாத இடத்தில் ஒரு பெயரோ செயலோ பேச்சோ வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தனக்காக எழுதும்போதே வாசகரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பது. "என் அக்கா, அவள் ஆசிரியை" என்று தெரிந்ததைத் தனக்கே விளக்கிக்கொண்டிருந்தால் அதுதான் அறிகுறி. அப்போது பொறாமை 'வருத்தம்' என்று பெயர் மாறிவிடும். உண்மையான காரணம் தாளுக்கு வராமலே போகும், பிறகு செப்பனிடச் சரக்கே இருக்காது. முதல் 20 நிமிடம் அடிக்காமல், திரும்பிப் படிக்காமல் எழுதுங்கள். தேதியை மட்டும் ஆண்டோடு போட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் படிக்கும்போது நீங்களும் வெளியாள்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், தனக்காக எழுதுவது, பிறருக்காக எழுதுவது இரண்டையும் பிரித்தே செய்தார். போர்க்கால நாட்குறிப்புகள் பின்னர் சேகரிக்கப்படும் என்ற வானொலி உரையை 1944 மார்ச்சில் கேட்டார். மே மாதத்தில், பழைய குறிப்புகளைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினார். சிலவற்றை நீக்கினார், சிலவற்றைச் சேர்த்தார், உடனிருந்தவர்களுக்கு மாற்றுப்பெயர்கள் யோசித்தார். அன்றாட நாட்குறிப்பை எழுதுவதையும் நிறுத்தவில்லை.

திருத்தும்போது வரிசையையும் கலையுங்கள். நாட்குறிப்பு காலையில் எழுந்ததிலிருந்து போகும், சங்கதியோ மூன்றாவது நான்காவது பத்தியில்தான் இருக்கும். முதல் இரண்டு பத்திகளை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் அவை வேண்டாம். 'எல்லோருக்கும்' எழுதுவதும் தவறுதான், யாருக்கு எவ்வளவு விளக்குவது என்று கை தடுமாறும். விஷயம் தெரியாத, ஆனால் கேட்க ஆர்வமுள்ள ஒருவரை மனதில் வைத்தால் அந்த அளவு தானாக வரும். மெருகேற்றுகிறேன் என்று உங்கள் தயக்கத்தையும் குழப்பத்தையும் துடைத்துவிடாதீர்கள். அவை போனால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரைதான் மிஞ்சும்.

பெயரை மாற்றினால் போதும் என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உறவுமுறை, வேலை, ஊர் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். நோய், கடன், மணமுறிவு பற்றிய வரிகளை வெளியிடும் முன் உரியவரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்தப் பகுதி நாட்குறிப்பிலேயே இருக்கட்டும்.