நெல்லைச் சீமையில் பழைய மாத நாவல்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் வாசகர் கைக்குக் கொண்டுவருவது எப்படி?

திருநெல்வேலி, தென்காசி, திருச்செந்தூர்ப் பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய மாத நாவல்களை, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிட்டு மறந்துவிட வேண்டிய சரக்காகவே பலரும் கருதினார்கள். அதனால்தான் பெரும்பாலான நூலகங்கள் அவற்றை முறையாகச் சேர்த்து வைக்கவில்லை. வீட்டில் எடைக்குப் போடும்போதும் முதலில் போனவை அவையே. ஆனால் பாடப்புத்தகத்துக்கு அப்பால் வேறெதையும் வாசித்திராத பலரை வாசகர்களாக்கியதில் இந்தச் சிறு இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றை மீட்கும் வேலையைத் தனியொருவர் தம் ஊரளவில் எப்படிச் செய்யலாம் என்பதையே இங்கே சொல்கிறேன். பலர் சேகரிப்பில் தொடங்குகிறார்கள். பட்டியலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாவல் எந்த இதழில், எந்த மாதம், எந்தத் தலைப்பில் வந்தது என்ற விவரம் பதிவாகாவிட்டால், மச்சு நிறையப் புத்தகம் சேர்த்தாலும் அது அடுத்த தலைமுறைக்கு வெறும் தாள்கட்டுதான்.

தேடுவதற்கு முன், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி என்பவர் 1896இல் தம்முடைய 'ஆர்கோசி' இதழை முழுக்கக் கதைகளுக்கே ஒதுக்கி, மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சிட்டு விற்றதிலிருந்து அங்கே பல்ப் இதழ்களின் கணக்கு தொடங்குகிறது. தமிழில் இந்த ஓட்டம் தனி வழியில் நடந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் கதைகளுக்கு வாசகர்களைத் திரட்டிவிட்டார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி அதில் தம் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். பிறகு வார இதழ்த் தொடர்கதைகளின் காலமும், தமிழ்வாணன் படைத்த துப்பறிவாளர் சங்கர்லாலின் காலமும் வந்தன. 1969இல் தொடங்கிய 'ராணிமுத்து' மாதம் ஒரு முழு நாவல் என்ற முறையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டு சென்றது. அதை வெளியிட்ட தினத்தந்தி நிறுவனத்தைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், திருச்செந்தூரை அடுத்த காயாமொழிக்காரர் என்பது நம் பகுதிக்குப் பெருமை தரும் செய்தி. 1980களில் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் போன்ற இதழ்கள் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பெயர்களைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பின. பக்கத்திலேயே சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டன. தனியார் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்த பிறகு இந்த இதழ்களின் விற்பனை சரிந்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மாத நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பைக் கொண்டுவந்ததும், லயன், முத்து காமிக்ஸ் 2012இல் நல்ல தாளில் புது வேகத்தோடு மீண்டும் வந்ததும், இவற்றுக்கு இன்னும் வாசகர்கள் உண்டு என்பதைக் காட்டின.

தேடும் இடமும் காலமும்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வெள்ளையடித்துப் பரண் ஒழிக்கும் மார்கழிக் கடைசியில்தான் பழைய இதழ்கள் மிகுதியாக வெளியே வருகின்றன. அந்த வாரங்களில் டவுன், பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் உள்ள பழைய பேப்பர் கடை அண்ணாச்சிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, எடை விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டித் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு கட்டு வந்தால் அதைப் பிரித்துப் பொறுக்காமல் கட்டாகவே வாங்குங்கள். ஒரே வீட்டிலிருந்து வந்த இதழ்கள் ஒன்றாக இருந்தால்தான் அந்த வீட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்பது புரியும்.

வீடுகளில் கேட்கும்போது வயதான பெண்களிடம் கேட்பதே பலன் தரும். "ஆச்சி, மச்சுல பழைய ராணிமுத்து, மாலைமதி ஏதும் கெடக்கா?" என்று இதழின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'பழைய புத்தகம்' என்று பொதுவாகக் கேட்டால் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைத்தான் எடுத்து வருவார்கள். பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போனால், ஒருவர் கதையை வாசிக்க மற்றவர்கள் வேலை செய்தபடி கேட்கும் வழக்கம் அங்கே இருந்ததா என்றும் விசாரியுங்கள்; சொல்பவரின் அனுமதியோடு அதைக் குரல்பதிவாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வார இதழ்களிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகளை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். நூலாக வெளிவராமலே போன கதைகள் அவற்றில் மட்டும் எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. எனக்குக் கிடைத்த ஒரு தொகுதியில் நடுவே ஓர் அத்தியாயம் விட்டுப் போயிருந்தது. அந்த இடத்தில், கோடு போட்ட நோட்டுத் தாளில், அத்தியாய எண், கதை, 'தொடரும்' என்ற சொல் வரை யாரோ நீல மையில் பிரதி எடுத்து ஒட்டியிருந்தார்கள். வேறு யாரிடமிருந்தோ இதழை ஓர் இரவு இரவல் வாங்கி எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து முதல் பக்கத்தில் நிதானமாகவும் கடைசிப் பக்கத்தில் அவசரமாகவும் இருந்தது. அந்தத் தாளும் கதையின் வரலாற்றில் ஒரு பகுதி. அதை எடுத்துவிட்டு அச்சுப் பக்கத்தை வைப்பது பெரிய தவறு.

பட்டியலும் காலம் கணித்தலும்

ஒவ்வொரு படிக்கும் தலைப்பு, ஆசிரியர், இதழின் பெயர், மலர், இதழ் எண், மாதம், ஆண்டு, விலை, பக்க எண்ணிக்கை, அட்டை ஓவியர், அச்சகம், விளம்பரங்கள், கையெழுத்துக் குறிப்புகள், கிடைத்த ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். நாவலின் முதல் வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே நாவல் வேறு தலைப்பில் மறுபடி வந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க முதல் வாக்கியத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

அட்டையும் முதல் ஃபாரமும் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த முதல் பக்கக் கட்டும்) போன படிகளுக்கு ஆண்டு தெரியாது. அங்கே தடயங்களிலிருந்துதான் காலத்தைக் கணிக்க வேண்டும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது; 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அது இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் பழைய முறை முகவரி வெகுகாலம் நீடித்தது. னை, லை, ணை போன்ற எழுத்துகளின் பழைய கொம்பு வடிவம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சைக் காட்டும்; இருந்தாலும் கையிலிருந்த பழைய அச்செழுத்தைத் தேயும்வரை ஓட்டிய அச்சகங்களும் இருந்திருக்கும் என்பதால், இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய தடயம் ஒன்று உண்டு. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதற்குச் சிதம்பரனார் பெயரும் நமக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்ற பெயரும் வந்தன. 1997இல் மாவட்டங்கள் மீண்டும் தலைநகரின் பெயருக்கே மாறின. ஆகவே வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரையில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்றிருந்தால், அந்தப் படி பெரும்பாலும் இந்தப் பதினோரு ஆண்டுகளுக்குள் வாசகர் கையில் புழங்கியது. இந்த முத்திரைகளை ஊர்வாரியாகக் குறித்து வந்தால், அம்பாசமுத்திரத்திலும் சங்கரன்கோவிலிலும் எந்தத் தெருவில் வாடகை நூலகங்கள் இருந்தன என்ற ஒரு வரைபடமே கிடைத்துவிடும். அந்த நூலகங்களின் பதிவேடுகள் கிடைக்காத நிலையில் இதுவே நமக்குள்ள ஆவணம். எனவே முத்திரையை அழிப்பது, தேதிச் சீட்டைக் கிழிப்பது, பென்சில் குறிப்பை ரப்பரால் துடைப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள்.

தாளைக் காப்பாற்றுதல்

செய்தித்தாள் ரகத் தாளில் மரக்கூழின் லிக்னின் (மரநாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) நீக்கப்படாமல் இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பேறுகிறது. தாளில் உண்டாகும் அமிலம் நாரை அறுத்து, மடக்கினால் ஒடியும் நிலைக்குக் கொண்டுபோகிறது. வெப்பம் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். ஆகவே நம் ஊர் வெயிலில் ஓட்டுக்குக் கீழே கொதிக்கும் மச்சுதான் இவற்றை வைக்கக் கூடாத முதல் இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணாரப்பேட்டை, திருவைகுண்டம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் தரையோடு ஒட்டிய அடுக்கையும் நம்ப மாட்டார்கள். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில், இடுப்புக்கு மேலான உயரத்தில், வெளிச்சம் படாத அலமாரியே தகுந்த இடம்.

நனைந்த இதழை வெயிலில் காயப் போடாதீர்கள். தாள் சுருண்டு ஒடியும். மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, ஈரமான தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். இரண்டு நாளைக்குள் உலர்த்த முடியாத அளவு இருந்தால் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பது அதோடு நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். பூச்சி இருப்பதாகத் தோன்றும் உலர்ந்த இதழ்களையும் இதே போல் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் போதும். பின்னர் கட்டைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும்.

கடலோர ஊர்களிலிருந்து வரும் படிகளில் முதுகில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். பின்னின் கால்களைத் தட்டையான சிறு கத்தியால் நிமிர்த்தி மெல்ல எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்துகளைக் கறையாக்கும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமைக் கஞ்சிப் பசையும் போதும். பைண்டிங்காரர்கள் வழக்கமாகப் பசையில் சேர்க்கும் மயில்துத்தம் பூச்சியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளைக் கெடுப்பதால் இந்த இதழ்களுக்கு வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது முதுகை அழுத்தி விரிக்காமல், புத்தகத்தைப் பாதி திறந்த நிலையில் தாங்கி வைத்து, மேலிருந்து படம் எடுங்கள். குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவு வேண்டும். விளம்பரமும் ஆசிரியர் பக்கமும் வாசகர் கடிதமும் உட்பட எல்லாப் பக்கங்களையும் எடுக்க வேண்டும்.

உரிமை

கையில் படி இருப்பதாலேயே அதை இணையத்தில் ஏற்றும் உரிமை வந்துவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1960இல் மறைந்த வை. மு. கோதைநாயகியின் எழுத்து 2021 முதல் எவரும் வெளியிடக் கூடியது. பாளையங்கோட்டையை அடுத்த கீழநத்தத்தில் பிறந்த, புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் எழுதிய ஸ்ரீவேணுகோபாலன் 2013இல் மறைந்தவர். அவருடைய நாவல்களுக்கு 2073 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். அட்டை ஓவியத்தின் உரிமை ஓவியரைச் சார்ந்த தனி விஷயம். சொந்த ஆய்வுக்காகப் படி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தன்னிடம் அச்சுப் படி உள்ள, வணிக நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவம் செய்துகொள்ளவும் இடம் இருக்கிறது. ஆகவே பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றை அணுகி, அரிய படிகளை அங்கே ஒப்படைப்பது பற்றிப் பேசுங்கள். உங்கள் பட்டியலின் ஒரு பிரதியையும் அனுப்பி வையுங்கள்.

மீண்டும் வாசகர் கைக்கு

ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ள நாவல்களை மட்டும் தனியே பிரித்து, தெருவிலோ டீக்கடையிலோ ஒரு இரவல் அடுக்கு வையுங்கள். ஒற்றைப் படி எதுவும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். பழைய தேதிச் சீட்டைப் போலவே புதுச் சீட்டு ஒன்றை உறையில் ஒட்டி, எடுப்பவரையே தேதி எழுதச் சொல்லுங்கள்.

புதிதாக மாத நாவல் தொடங்க விரும்புகிறவர்கள், தாள் வீணாகாமல் இருக்கப் பக்கங்களைப் பதினாறின் மடங்காகத் திட்டமிட்டு, சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் விலை கேளுங்கள். புத்தகமாக வெளியிட்டால், ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கும். பருவ இதழாக நடத்தும் எண்ணம் இருந்தால், 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பதிவுச் சட்டத்தின் விதிகளைத் தலைப்பை அறிவிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். முதல் மூன்று நாவல்களின் கைப்பிரதிகள் முழுமையாகக் கைக்கு வந்த பிறகு முதல் இதழை அச்சுக்குக் கொடுங்கள். மாதந்தோறும் குறித்த தேதியில் கடையில் இதழ் தொங்கினால்தான் வாசகர் மறுபடியும் வந்து கேட்பார்.