கேம் வாங்கினா முதல்ல ரவுட்டர நிப்பாட்டி ஒருக்கா பாருங்க

மாரி தொடங்கினா வாகரை, மண்டூர் பக்கமெல்லாம் நெட் லைன் எப்ப போகும் எப்ப வரும் எண்டு சொல்லேலா, ஆனா இப்ப தனிய விளையாடுற கேம் சிலதுக்கும் நெட் கட்டாயம், ரேஸ் நடுவில சிக்னல் போனா அப்படியே மெனுவுக்குத் தள்ளி விட்டுரும்.

கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஒன்லைன் கடையான ஸ்டீம்ல 'சிங்கிள் பிளேயர்' எண்டு போட்டிருக்கிறத மட்டும் நம்பாதீங்க, அது ஒராள் விளையாடலாம் எண்டதுதான், நெட் வேணாம் எண்டு இல்ல. கீழ சிஸ்டம் ரிக்கொயர்மென்ட்ல நெட்வொர்க் எண்ட வரி இருக்கா, வேற கம்பனி அக்கவுண்ட் கேக்குதா எண்டு வாசிங்க.

வாங்கின பிறகு நெட்டோட ஒருக்கா கேம திறந்து மூடிட்டு, ஸ்டீம ஆஃப்லைன் மோடுக்கு மாத்தி, ரவுட்டரையும் நிப்பாட்டிட்டு திரும்பத் திறந்து, சேவ் பண்ணினது லோட் ஆகுதா எண்டு பாருங்க. சரிவராட்டி, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணித்தியாலத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா காச திருப்பிக் கேக்கலாம். டவுன்லோட் ஆகுற நேரம் அந்த 2 மணில சேராது, ஆனா 14 நாள் வாங்கினதில இருந்தே ஓடும், அதால ஸ்லோ கனெக்‌ஷன்காரர் டேட்டா இருக்கிற நேரம் பாத்து வாங்குங்க.

நெட் நல்லா இருக்கிறவங்களும் இத கவனிக்கணும். 2014ல வந்த, நெட் கட்டாயமான 'தி க்ரூ' கேம்ட சேர்வர 2024 மார்ச் 31ல யூபிசாஃப்ட் கம்பனிக்காரர் மூடினாங்க, டிஸ்க் கையில வச்சிருந்தவங்களுக்கும் விளையாட ஏலாமப் போச்சு, எனக்கு அது பெரிய அநியாயம். 2013ல நெட் கட்டாயமா வந்த 'சிம்சிட்டி'க்கு அடுத்த வருஷமே ஆஃப்லைன் மோட் குடுத்தாங்க, அதால அவசரமில்லாட்டி கொஞ்சம் பொறுத்தும் பாக்கலாம்.