இருட்டில் பதறி மோதும் காக்கடீலுக்கு உதவுவது எப்படி?

வீடே உறங்கிக்கொண்டிருக்கும் நள்ளிரவில், கூண்டுக்குள்ளிருந்து சிறகுகள் கம்பிகளில் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடியவர்களுக்கு அந்தச் சத்தம் எளிதில் மறக்காது. பகலெல்லாம் தோளில் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்த காக்கடீல் என்ற கொண்டையுள்ள சிறு கிளி, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கூண்டின் நான்கு பக்கமும் முட்டி, கீழே விழுந்து, மறுபடியும் எழும்பி மோதும். கிளி இனங்களை வளர்ப்பவர்கள் இந்த இரவுப் பதற்றத்தைக் காக்கடீல்களிடமே அதிகமாகப் பார்க்கிறார்கள். அவற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமான உடலும் சிவந்த கண்களும் கொண்ட லூட்டினோ வகைக்கு இது கூடுதலாக வருகிறது என்பது வளர்ப்பவர்களின் நெடுநாள் அனுபவம்.

காக்கடீலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளிகள். அங்கே கூட்டமாகத் திரியும் இந்தப் பறவை, வானிலிருந்து பாயும் வேட்டைப் பறவைகளிடமிருந்து தப்பக் கற்றிருக்கும் முதல் வழி, சந்தேகம் எழுந்த கணமே மேலே எழும்பிப் பறந்துவிடுவதுதான். என்ன சத்தம் என்று நின்று ஆராயும் பறவை அங்கே பிழைக்காது. திறந்த வெளியில் உயிரைக் காக்கும் அந்தப் பாய்ச்சல், இரண்டடி அகலக் கூண்டில் இறகையும் எலும்பையும் முறிக்கிறது. பகலில் கூர்மையாகப் பார்க்கும் அதன் கண்கள் இருட்டில் அவ்வளவாக உதவுவதில்லை. எனவே முதல் அதிர்ச்சிக்குக் காரணமான சத்தம் அடங்கிய பிறகும், குச்சி எங்கே, தரை எங்கே என்று தெரியாததால், ஒவ்வொரு மோதலும் அடுத்த பயத்தைக் கிளப்பிப் பதற்றத்தை நீட்டிக்கிறது. இங்கே நான் சொல்லப்போகும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஒரே நோக்கம் கொண்டவை: எந்த நேரத்தில் கண் விழித்தாலும் பறவைக்குத் தன் குச்சி தெரிய வேண்டும்.

சத்தம் கேட்ட அந்த நிமிடத்தில்

முதலில் குரல், அடுத்து வெளிச்சம், கை எல்லாவற்றுக்கும் கடைசியில். அறை வாசலிலிருந்தே, பகலில் அதனுடன் பேசும் அதே சொற்களை அதே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வாருங்கள். பிறகு ஒரு சிறிய விளக்கைப் போடுங்கள். தலைக்கு மேலே உள்ள பளிச்சென்ற குழல்விளக்கைத் திடீரென்று போட்டால் அதுவே இன்னொரு அதிர்ச்சியாகலாம். ஆனால் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான் என்றால் தயங்காமல் அதையே போடுங்கள், ஏனென்றால் இருட்டு நீடிக்கும் ஒவ்வொரு நொடியிலும் அது மோதிக்கொண்டிருக்கிறது. கூண்டின் மேல் துணி இருந்தால், உதறி இழுக்காமல் ஒரு பக்கமாக மெல்லச் சுருட்டி விலக்க வேண்டும்.

கையைக் கூண்டுக்குள் விடாதீர்கள். எங்கள் வீட்டுப் பறவைக்கு முதல்முறை இது வந்தபோது, அதைப் பிடித்து அணைத்து ஆறுதல் தர வேண்டும் என்ற பதைப்பில் நான் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அரை இருட்டில் தன்னை நோக்கி வந்த கையை அது என் கையாகப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு விலங்கு பிடிக்க வருவதாகவே எடுத்துக்கொண்டு, அதுவரை மோதியதைவிட வேகமாக எதிர்ப்பக்கக் கம்பியில் போய் அடித்துக்கொண்டது. அலகால் ஒரு கம்பியைக் கவ்வி, ஒற்றைக் காலால் இன்னொன்றைப் பற்றி, வாலை விசிறிபோல் விரித்துத் தொங்கியபடி அது மூச்சிரைத்ததையும், கீழே விரித்திருந்த தாளில் சிவப்புத் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததையும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காயத்தில் பாதியாவது என் அவசரத்தால் வந்தது. கூண்டிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து, மெல்லப் பேசிக்கொண்டிருந்தாலே போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானாகவே ஏறிக் குச்சியில் அமரும்; விறைத்து நின்ற கொண்டை மெல்லச் சாயும்; மூச்சு சீராகும். அதன் பிறகும் கால் மணி நேரமாவது கூடவே இருங்கள். வெளியே வரத் துடிக்கிறதே என்று இருட்டறையில் கூண்டுக் கதவைத் திறந்துவிடுவது மிகவும் ஆபத்து. சுவரிலும் கண்ணாடியிலும் முழு வேகத்தில் மோதிவிடும்.

கையை உள்ளே விடக் கூடாது என்பதற்கு விதிவிலக்கு, கால் விரலோ காலில் போட்ட அடையாள வளையமோ சிறகோ கம்பியிடுக்கில் சிக்கியிருப்பது. அப்போது வெளிச்சத்தை நன்றாகப் போட்டு, மெல்லிய துண்டால் பறவையைச் சுற்றிப் பிடித்து விடுவிக்க வேண்டும். பிடிக்கும்போது மார்பை அழுத்தக் கூடாது. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றுக்குக் காற்று உள்ளே போகும்.

ரத்தம் தெரிந்தால்

காக்கடீலின் எடை ஏறக்குறைய 80 முதல் 100 கிராம். அந்த உடலில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 8 முதல் 10 மில்லிதான், அதாவது இரண்டு தேக்கரண்டி. எனவே நமக்குச் சில துளிகளாகத் தெரிவது அதற்குச் சிறிய விஷயம் அல்ல. இரவுப் பதற்றத்தில் ரத்தம் பெரும்பாலும் முறிந்த இளம் இறகிலிருந்து வரும். புதிதாக முளைத்து வளரும் சிறகு, வால் இறகுகளின் தண்டுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தண்டு கருநீலமாகத் தெரிவதை வைத்து அதை அடையாளம் காணலாம். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் காலத்தில் இப்படிப்பட்டவை பல ஒரே நேரத்தில் இருக்கும் என்பதால், அந்த வாரங்களில் கூடுதல் கவனம் தேவை.

ரத்தம் கசியும் இறகின் முனையில் மக்காச்சோள மாவைத் (கார்ன்ஃப்ளோர்) தொட்டு வைத்து, சுத்தமான பஞ்சுத் துணியால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். நகம் வெட்டும்போது ரத்தத்தை நிறுத்த விற்கப்படும் பொடியைத் தோலிலோ புண்ணிலோ போடாதீர்கள். அது எரியும், தோலையும் கெடுக்கும். முறிந்த இறகைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது கடும் வலி தருவது, தவறாகச் செய்தால் இறகு முளைக்கும் இடமே சேதமாகும். ஆகவே அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ரத்தம் நிற்காவிட்டாலும், ஒரு சிறகு தொங்கினாலும், வாயைத் திறந்தே மூச்சு விட்டாலும், குச்சியில் ஏறாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், இரவில் யாரை அழைப்பது என்பதை இப்போதே விசாரித்து, எண்ணைக் கூண்டின் அருகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ரத்தம் நின்றுவிட்டால், கூண்டின் அடித்தாளை மாற்றி வெள்ளைத் தாள் விரியுங்கள். மீண்டும் கசிந்தால் உடனே கண்ணில் படும், காலையில் எச்சத்தின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

எது பயமுறுத்துகிறது?

காரணம் சில சமயம் வெளிப்படையாக இருக்கும்: இடி, வெடிச் சத்தம், பக்கத்து அறையில் விழுந்த பாத்திரம். பல சமயம் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் நான் கண்ட சிறந்த வழி, பறவை விழித்த அதே நேரத்தில், எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கூண்டின் உயரத்துக்குக் கண்ணை வைத்து அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்த இரண்டாம் இரவு, தெருமுனையில் திரும்பிய வாகனம் ஒன்றின் வெளிச்சம் திரைச்சீலை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. கூண்டில் தொங்கிய கயிற்று ஊஞ்சலின் நிழல் சுவரில் ஆளுயரத்துக்குப் பெரிதாகி, பறவையின் தலைக்கு மேலாக வேகமாக ஓடி மறைந்தது. வானிலிருந்து ஒரு வல்லூறு இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஊஞ்சலைக் கழற்றி, திரையை முழுதாக மூடிய பிறகு பல வாரங்களுக்கு அந்த அறையில் சத்தமே இல்லை.

நிழலோடு, கூண்டில் வந்து மோதும் அந்துப்பூச்சி, சிந்திய தானியத்தைத் தேடி வரும் எலி, சுவரில் ஓடும் பல்லி, ஜன்னலுக்கு வெளியே நடமாடும் பூனை, திடீரென்று உறுமிக்கொண்டு இயங்கத் தொடங்கும் குளிர்பதனப் பெட்டி, நாம் உணராத சிறு அதிர்வு, இவை எல்லாமே காரணமாகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இருந்தால், ஒன்று திடுக்கிட்டவுடன் மற்றவையும் சேர்ந்து மோதத் தொடங்கும். முதலில் பதறுவது எது என்று கண்டுபிடித்து, அதைத் தனிக் கூண்டில் உறங்கவைப்பது எல்லாவற்றுக்கும் நிம்மதி தரும். ஒவ்வொரு முறையும் நேரம், வானிலை, அன்று வீட்டில் நடந்த மாற்றம் ஆகியவற்றை ஒரு வரி எழுதி வையுங்கள். இருட்டிலும் படம் பிடிக்கும் சிறு கேமரா இருந்தால் இன்னும் நல்லது.

வெளியே எந்தக் காரணமும் அகப்படாமல் இரவுக்கு இரவு இது தொடர்ந்தால், பறவையின் உடலைப் பார்க்க வேண்டும். செவ்வுண்ணிகள் பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிப்பவை. படுக்கும் நேரத்தில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு, இரவில் ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள்; ஊசிமுனை அளவில் நகரும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவைதான். வலிப்பும் வெளிப்பார்வைக்கு இரவுப் பதற்றம்போலவே இருக்கக்கூடும். பதறும் பறவை வெளிச்சம் வந்து குரல் கேட்டதும் நம்மைப் பார்க்கும், படிப்படியாகத் தெளியும். வலிப்பு வந்த பறவை குச்சியிலிருந்து விழுந்து, உடல் விறைத்து, கால்களை உதைத்துக்கொள்ளும். கூப்பிட்டாலும் கவனிக்காது, முடிந்த பிறகும் வெகுநேரம் மந்தமாக இருக்கும். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நம் விவரிப்பைவிட அரை நிமிடக் காட்சி அவருக்கு அதிகம் சொல்லும்.

தூங்கும் இடத்தை அமைப்பது

எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது ஒரு சின்ன விடிவிளக்கு. கூண்டுக்குள் வைக்காமல், சில அடி தள்ளி, குச்சியும் கம்பிகளும் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒளி விழும்படி வையுங்கள். வெள்ளையைவிட இளமஞ்சள் ஒளி நல்லது. காக்கடீலுக்கு இரவில் 10 முதல் 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பதால், புத்தகம் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் கூடாது. மின்சாரம் நின்று விளக்கு சட்டென்று அணைவதே ஒரு பதற்றத்தைத் தொடங்கிவைக்கலாம். ஆகவே மின்கலத்தில் தானாக மாறி எரியும் விளக்காக இருந்தால் மேல். மாலையிலும் ஒரே அடியாக இருட்டாக்காமல், பெரிய விளக்கு, சிறிய விளக்கு, விடிவிளக்கு என்று அரை மணி நேரத்தில் படிப்படியாகக் குறைத்தால், அதுவே விருப்பமான குச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம். துணி போடுவதானால் மூன்று பக்கமும் மூடி, விளக்கைப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து விடுங்கள். முழுக்க மூடிய கூண்டில் சில பறவைகள் நிம்மதியாக உறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை பதறிய பறவைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உறங்கும் குச்சியைச் சுற்றி ஊஞ்சல், மணி, கண்ணாடி எதுவும் தொங்கக் கூடாது. கம்பிகளுக்கு இடையே 12 முதல் 16 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் தலையோ சிறகோ எளிதில் சிக்காது. விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தரைக் கம்பித்தட்டை எடுத்துவிட்டு மடித்த துண்டு விரிக்கலாம், நகம் மாட்டும் நூல் இழைகள் இல்லாததாகப் பார்த்து. அடிக்கடி பதறும் பறவைக்கு, ஒரே ஒரு தாழ்ந்த குச்சி மட்டும் உள்ள சிறிய உறக்கக் கூண்டு மிகவும் பயன்படுகிறது. வேகம் எடுக்க இடம் இல்லாததால் காயமும் குறையும்.

பூச்சிகளைத் தடுக்கப் புகையோ மருந்துத் தெளிப்போ அந்த அறையில் வேண்டாம்; பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது. ஜன்னலுக்கு வலை அடிப்பதே சரி. மோதலைத் தடுக்கலாம் என்று சிறகை வெட்டுவதும் உதவாது: பயம் அப்படியே இருக்க, சமநிலை மட்டும் போய், விழுவது இன்னும் பலமாகும்.

பதற்றம் வந்த மறுநாள் காலை, சிறகுகளை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள், சாப்பிடுகிறதா என்று கவனியுங்கள், கிராம் காட்டும் சிறிய தராசில் எடை பாருங்கள். அன்று குளிப்பாட்டல், புதிய பொம்மை, புதிய மனிதர்கள் எதுவும் இல்லாமல், உறங்க விரும்பினால் பகலிலும் உறங்க விடுங்கள். மாதக்கணக்கில் அமைதியாக இருந்தாலும் விடிவிளக்கை நிறுத்தாதீர்கள். ஐந்து மாதம் எந்தத் தொல்லையும் இல்லாததால் நான் ஒருமுறை அதை அணைத்துப் பார்த்தேன். மூன்றாம் இரவே மீண்டும் அந்தச் சிறகடிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியாத இரவு இல்லை.